தூண்களும் சாவிக்கொத்தும்

செட்டிநாட்டைப் பற்றி எழுதுவோர் யாவரும் ஏதேனும் ஓரிடத்தில் 'அமைதி' என்னும் சொல்லை எழுதிவிடுகின்றனர். கானாடுகாத்தானின் அகன்ற தெருக்களில் நண்பகலில் நடந்தால் நம் காலடியோசை நமக்கே கேட்கிறது என்பர். காலம் அங்கே உறங்குகிறது என்பர். நாமும் அவ்வாறே எழுதியவர்தாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழுக்கு நாம் எழுதிய பயணக் கட்டுரையைப் பழைய தாள்களுக்கிடையே அண்மையில் காண நேர்ந்தது. மூன்றே பக்கம். அதில் 'அமைதி' ஆறு முறை வருகிறது. 'கம்பீரம்' நான்கு முறை. மனிதர் ஒருவரும் இல்லை. பூட்டிய வீட்டைத் திறந்து, கட்டுக் கட்டாக நம்மை அழைத்துச் சென்று, சன்னல் சன்னலாகத் திறந்து வெளிச்சம் காட்டிய அம்மையார் ஒருவர் அன்று இருந்தார். நம் கட்டுரையில் சன்னல்கள் தாமே திறந்துகொண்டன போலும்!

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய எழுத்துக்கு ஓர் இலக்கணமே அமைந்துவிட்டது. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஜப்பானியப் பூங்கற்கள், இங்கிலாந்து இரும்பு உத்தரம், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுவர், ஆத்தங்குடித் தரைக்கல், இறுதியில் மிளகு மணக்கும் ஒரு விருந்து. வரிசைகூடப் பெரும்பாலும் மாறுவதில்லை. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால் இப்பட்டியல் ஒரு பொருள் எந்நாட்டிலிருந்து வந்தது என்று சொல்கிறதேயன்றி, யார் பொருட்டு வந்தது, எப்பணத்தில் வந்தது, வந்தபின் அதன்மேல் யார் நடந்தார் என்று சொல்வதில்லை. சுங்கச்சாவடியின் பதிவேடும் இவ்வளவு சொல்லும்.

வீடுகளைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அவை பார்க்கத்தக்கவை; மீண்டும் மீண்டும் பார்க்கத்தக்கவை. பெரிய வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பில் நின்று உள்ளே நோக்கினால் நிலைக்குள் நிலையாக வாயில்கள் ஒரே நேர்கோட்டில் தோன்றி, கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் உள்ளங்கையளவு சதுரமாகத் தெரியும். திண்ணையும் முகப்பும் ஆடவர்க்கும் அயலார்க்கும் உரியன. அதைக் கடந்தால் வானம் திறந்த வளவு. அதன் நான்கு புறமும் தூண் நிறுத்திய பத்தி. பின்னர் இரண்டாம் கட்டு, சமையலுக்கும் பெண்டிருக்கும் உரிய மூன்றாம் கட்டு, கிணறு. சரிந்த ஓட்டுக் கூரைகளில் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்கி, ஒரு பங்கு அண்டாக்களில் பிடிக்கப்பட, மிஞ்சியது வடிகால் வழியே ஊருணி நோக்கிச் செல்லும். மழை குறைந்த செம்மண் பூமியில் ஒரு துளியையும் வீணாக்காத கட்டடக் கலை அது. தேக்குத் தூணைவிட அந்த நீர்வழியே நம்மை அதிகம் வியக்க வைக்கிறது. அதைப் படமெடுப்பது கடினம் என்பதாலோ என்னவோ, படத்தொகுப்புகளில் அது இடம்பெறுவது அரிது.

வளவின் இருமருங்கிலும் வரிசையாக அறைகள் உண்டு. விருந்தினர் தங்கும் அறைகள் என்றே நாம் முதலில் எண்ணினோம். மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை என்பது கணக்கு. அவ்வறையில் பகலில் எவரும் வாழ்வதில்லை. மனைவி கொண்டுவந்த சீர்ப்பொருள்களும் பாத்திரங்களும் பூட்டி வைக்கப்படும் இடம் அது. வாழ்க்கையெல்லாம் பத்தியிலும் கட்டுகளிலும் நடந்தது. மணமானவுடன் நகரத்தார் மகன் ஒரு தனிப் 'புள்ளி' ஆகிவிடுகிறான். கோயிலுக்கும் ஊருக்கும் அவன் பெயரில் தனி வரி. அடுப்பும் தனி. பெற்றோரும் மகன்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டே, தத்தம் அரிசியைத் தத்தம் அடுப்பில் வடித்தனர். கூட்டுக் குடும்பம் என்று நாம் வியந்து எழுதிய வீடு உண்மையில் ஒரு பேரேடு போன்றது. தலைப்பு ஒன்று, பற்று வரவு தனித்தனி. இவ்வீடுகளை வடிவமைத்தவர் எவராயினும், கணக்கு எழுதத் தெரிந்தோரின் மனப்போக்கை நன்கறிந்தவர். ஆண்மகவு இல்லாத வீட்டில் இக்கணக்கு நின்றுபோகும். ஆகவே சுவீகாரம் இச்சமூகத்தில் பெருவழக்கு. 'இயேசு காவியம்' வழியாக நம் வாசகர் நன்கறிந்த கண்ணதாசனும், சிறுகூடல்பட்டியில் பிறந்து, இளம் வயதிலேயே வேறு வீட்டுக்குச் சுவீகாரம் போன பிள்ளைதான்.

இனி அந்த அமைதிக்கு வருவோம். அது நேற்று வந்ததென்று நாம் எண்ணுகிறோம். வீடுகள் செழித்திருந்த நாளிலேயே அதன் ஒரு பகுதி அங்கு இருந்தது. வணிகத்தின் பொருட்டுக் கடல் கடப்பதை நகரத்தார் 'கொண்டுவிக்கப் போதல்' என்றனர். இரங்கூன், மௌல்மீன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், மேடான், கொழும்பு எனப் பரந்திருந்த வட்டிக்கடைகளுக்கு, மீசை அரும்பாத சிறுவன் பெட்டியடிப் பையனாகச் செல்வான். பின் அடுத்தாள் ஆவான். பின் மேலாள் ஆவான். ஒரு கணக்கு பெரும்பாலும் மூன்று ஆண்டு. கணக்கு முடித்து ஊர் வந்து, சில காலம் தங்கி, மணமோ மகப்பேறோ கண்டு, மீண்டும் கப்பல் ஏறுவான். மனைவியர் ஊரிலேயே இருந்தனர். ஆகவே, அவ்வளவு பெரிய முகப்புகளைக் கட்டிய ஆடவர் அம்முகப்புகளில் அமர்ந்திருந்த நாள்கள் குறைவு. வரவு செலவு பார்த்து, நெல் அளந்து, பனையோலையில் கொட்டான் முடைந்து, பிள்ளை வளர்த்து, கடிதத்துக்குக் காத்திருந்தவர் ஆச்சிமார். பயணியின் காதில் விழும் அமைதிக்குள் இந்தக் காத்திருப்பும் கலந்திருக்கிறது. தூண்களை எண்ணுகிறவருக்கு அது கேட்பதில்லை.

அமைதியான ஒரு பழைய ஊரை வேறு எவ்வாறு எழுதக்கூடும் என்பதற்கு இத்தாலியிலிருந்து ஒரு சான்று தரலாம். பளிங்குக்குப் பேர்போன கராரா அந்நாட்டின் வடபகுதியில் உள்ளது. தென்பகுதியின் கதை வேறு. வெண்களிமண் சரிவுகளுக்கு மேல் ஒட்டிக்கொண்டாற்போல் நிற்கும் சிற்றூர்கள், வறண்ட நிலம், பிழைப்புக்காக அமெரிக்கா சென்ற ஆடவர், அவர்களை எதிர்பார்த்து நின்ற பெண்டிர். அத்தகைய மலையூர்களுள் ஒன்று அலியானோ. முசோலினியின் ஆட்சியை எதிர்த்தமைக்காக, தூரின் நகரத்து ஓவியரும் மருத்துவப் பட்டம் பெற்றவருமான கார்லோ லேவி 1935-இல் அப்பகுதிக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கு வாழ்ந்த நாள்களைப் பற்றி அவர் எழுதிய 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' என்னும் நூல் 1945-இல் வெளியாயிற்று. தலைப்பைக் கண்டு ஞான வாசக நூலென்று கருதி இரவல் வாங்கிச் சென்று, மறுவாரமே முகம் சுளித்துத் திருப்பித் தந்த நண்பர் ஒருவர் நமக்குண்டு. எனினும் அத்தலைப்பு நம்மைப் போன்றோரைச் சுடவேண்டிய தலைப்பே. அவ்வட்டார உழவரின் பேச்சில் 'கிறிஸ்தவன்' என்றால் 'மனிதன்' என்று பொருள். கிறிஸ்து எபோலி வரை வந்து நின்றுவிட்டார், எங்கள் மலைக்கு ஏறி வரவில்லை என்று அவர்கள் சொன்னது, எங்களை எவரும் மனிதராக எண்ணவில்லை என்னும் முறையீடு.

லேவியின் நூலிலும் தெருக்கள் உண்டு, பாழடைந்த கோயில் உண்டு, நிலக்காட்சி உண்டு. ஆனால் படித்து முடித்தபின் நம் நினைவில் நிற்பவர் மனிதர். அவருக்குச் சமைத்துப்போட்ட பெண், மலேரியாவில் நடுங்கிய உழவர், வரி கட்ட ஆட்டைப் பறிகொடுத்தவர். அருகிலுள்ள மாத்தேரா நகரின் குகை வீடுகளை லேவியின் சகோதரி பார்த்துவந்து சொல்லும் பகுதியில், சிறுவர் அவரைப் பின்தொடர்ந்து ஓடி வருகின்றனர். காசுக்காக அன்று, கொயினா மருந்துக்காக. ஓர் ஊரின் அமைதியைக் கலைக்க அந்த ஒரு காட்சி போதும். லேவிக்கு ஒரு வசதி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அவர் கைதி, ஊரை விட்டுப் போக அவருக்கு அனுமதியில்லை. நம்மைப்போல் மாலைப் பேருந்துக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லர். 1975-இல் இறந்தபின் அலியானோவிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

தமிழில் இத்தகைய நூல் உண்டா என்று கேட்கலாம். உண்டு என்பதே நம் கருத்து. ஆனால் அது செட்டிநாட்டில் நிகழ்வதன்று. சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்து, இளமையிலேயே இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கச் சென்று, போருக்குப்பின் திரும்பி மதுரையில் செய்தித்தாள் அலுவலகத்தில் பணிபுரிந்த ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' அந்நூல். 1972-இல் வெளியான அந்நாவல் மேடானிலும் பினாங்கிலும் சுழல்கிறது. ஜப்பானியப் படை நுழைகிறது. வட்டிக்கடை நடத்தும் தமிழர் பெட்டியடியில் அமர்ந்து ஊரை நினைக்கின்றனர். மதுரைத் தெருக்களும் சொந்த ஊர்ச் சந்தையும் கடலுக்கு அப்பால் நின்று மணக்கின்றன. காரைக்குடி வீடுகளின் உட்புறத்தை அறிய விரும்புவோர் முதலில் படிக்கவேண்டியது இதுவே என்று துணிந்து சொல்வோம். அவ்வீடுகளுக்குப் பணம் அனுப்பிய கைகள் இங்கேதான் தெரிகின்றன. முதலாளியின் கையைக் காட்டிலும் கூடுதலாக, அவனிடம் சம்பளத்துக்கு இருந்த இளைஞனின் கை தெரிகிறது. குறையும் உண்டு. ஊரில் காத்திருந்த பெண்டிர் அந்நாவலில் பெரும்பாலும் நினைவுகளாகவே வந்து போகின்றனர். வளவின் பக்கத்துக் கதையை வளவில் இருந்தவரே எழுதவேண்டும் போலும்.

கடல் கடந்த கணக்கில் இன்னொருவர் பெயரும் உண்டு. அவர் தமிழரல்லர், கீழைப் பர்மாவின் நெல் உழவர். இரவதி ஆற்றுப் படுகையின் சதுப்புக்காடு நெல்வயலாக மாறியதில் செட்டியார் கடன் பெரும்பங்கு வகித்தது. அது பயனுள்ள கடனே. ஆனால் 1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவரின் ஈட்டு நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தன. முதன்மையான நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்தது. 1938-இல் 25 பங்கு ஆயிற்று. அவர்கள் விரும்பியது நிலத்தையன்று, பணத்தை. நிலம் கையில் தங்கியது அவர்களுக்கும் இடரே. எனினும் வயலை இழந்த உழவனுக்கு இவ்வேறுபாட்டால் ஆறுதல் ஏதுமில்லை. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது கப்பல் கிடைத்தோர் கப்பலிலும், கிடைக்காதோர் மலைக்காடுகளின் வழியே கால்நடையாகவும் வந்து சேர்ந்தனர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டமியற்றியது. 1963-இல் வங்கிகளும் போயின. செட்டிநாட்டில் அமைதி எப்போது முழுமையாகக் குடிபுகுந்தது என்று கேட்போர்க்கு இந்த ஆண்டுகளே விடை. 'காலம் உறங்குகிறது' என்று நாம் எழுதினோமே, அங்கே காலம் உறங்கவில்லை, கணக்கு முடிக்கப்பட்டது.

மாத்தேராவின் பிற்கதை நமக்கு எச்சரிக்கையாக அமையக்கூடும். மனிதரும் கழுதையும் ஒரே குகையில் உறங்கிய அந்நகரை நாட்டின் அவமானம் என்று இத்தாலியர் பேசினர். 1952-இல் தனிச்சட்டம் இயற்றி, ஏறத்தாழ 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினர். வெறுமையான குகைத் தெருக்களை எருசலேமாகக் கொண்டு பசோலினி, மத்தேயு நற்செய்தியை 1964-இல் திரைப்படமாக்கினார். நம் பங்குகளில் தவக்காலந்தோறும் திரையிடப்படும் மெல் கிப்சனின் படமும் (2004) அங்கே எடுக்கப்பட்டதே. 1993-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 2019-இல் அது ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கிற்று. வறுமையின் அடையாளமாயிருந்த குகை இன்று விடுதியறை. குகையில் பிறந்தவர் அவ்வறைக்கு ஓர் இரவு வாடகை தர இயலுமா என்பது வேறு செய்தி. அவ்வூரை நாம் நேரில் கண்டதில்லை. நூல்களும் படங்களும் சொன்னதையே சொல்கிறோம்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சில பெரிய வீடுகள் விடுதிகளாகியுள்ளன. சில கட்டணம் பெற்றுப் பார்வைக்குத் திறக்கின்றன. பல படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகின்றன. 2000-இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் அத்தகைய ஒரு வீட்டை இழந்து தாயும் பெண்மக்களும் சென்னைக்கு வெளியேறுவர். அழகிய பாடல்களுக்கிடையே அந்த வெளியேற்றம் எத்தனை பேர் மனத்தில் தங்கிற்றோ! வேறு பல வீடுகளோ இடிந்து வருகின்றன. இதற்குக் காரணம் அக்கறையின்மை மட்டுமன்று. அறைக்கு ஒரு மகன் என்ற அந்தக் கணக்கு மூன்று தலைமுறையில் பெருகி, ஒரு வீட்டுக்குப் பல பத்துப் பங்காளிகள் ஆகிவிட்டனர். ஒரு ஓடு மாற்றவும் அத்தனை பேரும் ஒப்பவேண்டும். ஒப்பாத இடத்தில் மழை தீர்ப்பளிக்கிறது. ஒப்பிய இடத்திலோ சில வேளை வீடே பிரிக்கப்பட்டு, நிலையும் தூணும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கப்படுகின்றன. அங்கே பீங்கான் பூச்சிட்ட தூக்குவாளிகளுக்கும் இரவிவர்மாப் படங்களுக்கும் நடுவே, யாரோ ஒரு மணமக்களின் பழைய நிழற்படம் சட்டத்தோடு விலைக்கு இருந்தது. விலை சட்டத்துக்கு என்றார் கடைக்காரர். படத்தை வேண்டுமானால் எடுத்துவிட்டுத் தருவாராம்.

இவ்விடத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினையாமல் இருக்க முடியவில்லை. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த அவர், பிறர் எறிந்த பழைய நூல்கள், நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் அனைத்தையும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் அச்சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையில் நூலகமாக்கிற்று. தாளும் ஊரைவிட்டுப் போயிற்று என்று வருந்தலாம். ஆனால் தேக்குக்கு விலையிருந்த ஊரில் தாளுக்கு மதிப்பளித்த ஒருவர் இருந்தாரே!

சென்ற ஆண்டு அதே வீட்டுக்கு மீண்டும் சென்றோம். சாவிக்கொத்துடன் அதே அம்மையார். முதுகு சற்றே வளைந்திருந்தது. நம்மை அவருக்கு நினைவில்லை. பெயர் கேட்டோம், சொன்னார், அச்சில் போடவேண்டாம் என்றும் சொன்னார். இம்முறை தூண்களை விட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேட்டோம்.

"நான் பொறந்ததே இந்த மூணாங்கட்டுக்குப் பின்னாலதான்யா. எங்காத்தா இங்ஙனதான் நெல்லுக் குத்துனாக. கல்யாணம்னா மூணு நாளைக்கு அடுப்பு அணையாது."

எந்த அறை எந்த மகனுடையது, அவர் மக்கள் சென்னையிலா சிங்கப்பூரிலா அமெரிக்காவிலா, எந்தப் பூட்டின் சாவி எவரிடம் என்று ஒன்று விடாமல் சொன்னார். நாம் கண்ட எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரைபடம் அவர் நாவில் இருந்தது. வளவின் ஆத்தங்குடிக் கல் முன்பைவிட மங்கியிருப்பதாகத் தோன்றிற்று. கேட்டோம். "எண்ணெய் போட்டுத் துடைக்கத்தான்யா செய்றேன். கால் படப்பட மின்னுற கல்லு இது. நான் ஒருத்தி நடந்தா எம்புட்டு மின்னும்?" என்றார்.

கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் பரப்பி, நீரில் ஊறவைத்து எடுக்கும் அக்கல்லைப் பற்றி நாம் முன்பு ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தோம். இந்த ஒரு செய்தி அதில் இல்லை.

விடைபெறும்போது, இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுவீர்களா என்று கேட்டார். எழுதுவோம் என்றோம். சற்றே யோசித்தார். "எழுதுறதா இருந்தா, மூணாங்கட்டுல கெணத்தை ஒட்டுனாப்புல ஓடு ஒழுகுதுன்னு எழுதுங்கய்யா. அவுக யாராச்சும் படிச்சா ஆளு அனுப்புவாக. ஐப்பசி மழைக்கு முந்தி பாக்கணும்."